பாட்டி சொல்லாத பெயர்

என் அப்பாவின் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், அவர் பெயருக்குப் பின்னால் ‘ஏ/எல்’ என்று போட்டு இன்னொரு பெயர் இருக்கிறது. மலேசியாவில் எல்லாத் தமிழ் ஆண்களுக்கும் இருப்பதுதான், இன்னாரின் மகன் இன்னார் என்று. அது என் தாத்தாவின் பெயர். தாத்தாவின் பெயர் என்று தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான ஒரு கிராணி எழுதி வைத்த பெயர் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

1950-இல் அப்பாவைத் தோட்டத்துப் பள்ளியில் சேர்க்கப் பாட்டி ஆபீசுக்குக் கூட்டிப்போனார். அப்பா ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர். அந்தக் காலத்தில் யார் போய்ப் பிறப்பைப் பதிந்தார்கள்? பத்திரம் எதுவும் கிடையாது. “தகப்பன் பேரு என்ன?” என்று கிராணி கேட்டார். பாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. சுவரில் ஒரு முருகன் காலண்டர் தொங்கியிருக்கிறது. அதைக் காட்டி, “அந்தச் சாமி பேருதாங்க” என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பாட்டிக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள். கிராணி தனக்குத் தோன்றிய முருகன் பெயரை எழுதிவிட்டார்.

முருகனுக்கு எத்தனை பெயர்!

அப்பா பெரியவரான பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். “எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்யா” என்பதற்கு மேல் பாட்டி எதுவும் சொன்னதில்லை. தாத்தாவைத் தெரிந்தவர்களிடம் கேட்கலாம் என்றால், சண்டை முடிந்ததும் பாட்டி கைக்குழந்தையோடு வேறு தோட்டத்துக்கு வந்துவிட்டார். பழைய தோட்டத்தில் தாத்தாவோடு லாரி ஏறியவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

தாத்தா போன இடம் சயாம், இன்றைய தாய்லாந்து. அங்கிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதை வேலைக்கு. 1943 மே மாதம். அப்போது பாட்டிக்கு ஐந்து மாதம்.

“மூணு மாச வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு போட்டு, அரிசி கொடுத்துக் கூட்டிட்டு வந்து விடுவாங்கன்னு சொன்னாங்க” என்று பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெள்ளைக்காரத் துரைகள் ஓடிவிட்ட காலம். பால்மரம் வெட்டினாலும் பாலை வாங்க ஆளில்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்று, கோணிப்பையைக் கட்டிக்கொண்டு இருந்தவர்களுக்கு அந்த ஒரு வெள்ளி பெரிய விஷயம். அப்படி நம்பிப் போனவர்கள் கொஞ்சம். அப்புறம் போக ஆளில்லாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். தாத்தா நம்பிப் போனாரா, பிடித்துப் போனார்களா என்று பாட்டி சொல்லவில்லை. லாரியில் பின்பக்கமாக உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது, அவ்வளவுதான்.

பாட்டி 1988-இல் இறந்தார். அதுவரைக்கும் பொட்டை எடுக்கவில்லை. சாவுச் செய்தி வந்தால்தானே எடுக்க?

அப்பாவுக்கு இப்போது 82 வயது. போன வருடம் ஒரு சாயங்காலம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர், “அந்த லைனை ஒரு தடவை பார்த்துடலாமாம்மா?” என்றார். லைன் என்றால் அவருக்கு ரயில் பாதை. முப்பது வருடத்துக்கு மேல் ரயில்வேயில் தண்டவாளக் கேங்கில் வேலை பார்த்தவர். பள்ளி விடுமுறைக்காகக் காத்திருந்து, டிசம்பரில் கிளம்பினோம்.

விமானத்தில் பாங்காக் போய் அங்கிருந்து போவதுதான் சுலபம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் ரயிலில்தானே போனார்கள் என்றார். பாடாங் பெசாரில் ஏறி, ஹாட்ஞாய் வழியாக ராத்திரி முழுக்க வடக்கே போகிற ரயில். கீழ்ப்படுக்கையை அவருக்குக் கொடுத்தேன். அவர் படுக்கவே இல்லை. சக்கரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். “நம்ம லைன் மாதிரிதான், மீட்டர் கேஜு. இங்கிருந்து அங்க வரைக்கும் ஒரே அளவு. அதனாலதான் பிடுங்கிட்டுப் போக முடிஞ்சுது.”

எதைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று கேட்டேன். அப்பா அறுபதுகளில் வேலைக்குச் சேர்ந்தபோது அவரைக் கிழக்குக்கரைப் பாதையில், கோலா லிப்பிஸ் பக்கம் போட்டார்களாம். கெமாஸிலிருந்து தும்பாட் வரைக்கும் போகும் அந்தப் பாதையில் பெரிய பகுதியை ஜப்பானியர் கழற்றிக்கொண்டு போய், சயாம் – பர்மா பாதையில் போட்டார்கள். சண்டைக்குப் பிறகு திரும்பப் போட்டு முடிக்க 1954 ஆகிவிட்டது. “எங்க மேஸ்திரி சொல்வாரு, இந்த இடத்துல இருந்த தண்டவாளம் சயாமுக்குப் போச்சுன்னு. ஆளும் போச்சு, தண்டவாளமும் போச்சு.” இத்தனை வருடமாக இதை அவர் என்னிடம் சொன்னதில்லை.

விடியும்போது பான் போங் தாண்டினோம். ஜப்பானியர் பிடித்த போர்க்கைதிகளைச் சிங்கப்பூரிலிருந்து இரும்புச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து நாலைந்து நாள் கொண்டுவந்து இறக்கிய ஊர். அடுத்து நோங் பிளாடுக் சந்திப்பு. மரண ரயில் பாதை என்று பெயர் வாங்கிய அந்தச் சயாம் – பர்மா பாதை பிரதான பாதையிலிருந்து பிரிவது அங்கேதான். அங்கிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். அப்பா ஜன்னலில் முகத்தை வைத்து, பிரிகிற அந்தத் தண்டவாளத்தைக் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்தார்.

ஜப்பானியருக்கு இந்தப் பாதை எதற்கு என்று என் மாணவர்கள் கேட்பார்கள். பர்மாவில் இருந்த படைக்கு அரிசியும் குண்டும் போக வேண்டும். மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் அனுப்பினால் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் தாக்கும். தரைவழியில் நடுவே மலை, காடு, மழை. பிரிட்டிஷ்காரர்கள் முன்பே அளந்து பார்த்து, ஆகாத காரியம் என்று விட்ட வழி. 1942 நடுவில் தொடங்கிய வேலையை 1943 அக்டோபர் 17-இல் முடித்து இரு முனைகளையும் சேர்த்துவிட்டார்கள். அப்பா பிறந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

நக்கோன் பாத்தோமில் இறங்கி, வேன் பிடித்துக் காஞ்சனபுரி போய்ச் சேர்ந்தோம். அறையில் பையைப் போட்டுவிட்டு முதலில் போனது போர்க் கல்லறைக்கு.

ஊருக்கு நடுவில், சாலையோரமாகவே இருக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது. உள்ளே 6,982 பேர். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். நிமிர்ந்து நிற்கும் கற்கள் கிடையாது. முழங்காலுக்கும் கீழே, சாய்வான கல்லின் மேல் ஒரு வெண்கலத் தகடு. எண், பதவி, பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது. அதற்குக் கீழே குடும்பத்தார் எழுதி அனுப்பிய ஒரு வரி. ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையில் சின்னப் பூச்செடிகள். புல்லை அவ்வளவு ஒழுங்காக வெட்டியிருக்கிறார்கள். தோட்டக்காரர் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு தகட்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு அடுத்த தகட்டுக்கு நகர்ந்தார்.

அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. எண் வாசிப்பார். வரிசையாக நடந்துகொண்டே வயதை மட்டும் வாசித்தார். “இருபத்திரண்டு. இருபத்தாறு. இருபத்தொண்ணு. முப்பத்தி நாலு. இருபத்து மூணு.” ஒரு வரிசை முடிந்ததும் நின்றார்.

“நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்மா?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். பதிலும் தெரியும். இருந்தும் அந்த நேரம் வாய் வரவில்லை. நுழைவாயில் கட்டடத்துக்குக் கூட்டிப்போய், அங்கே பொறித்திருக்கும் இந்தியப் பெயர்களைக் காட்டினேன். 11 பேர். இந்திய ராணுவத்தில் இருந்து தாய்லாந்தில் வேறிடங்களில் முஸ்லிம் மயானங்களில் அடக்கமானவர்கள். அந்தக் குழிகளைப் பராமரிக்க முடியாததால் பெயரையாவது இங்கே வைத்திருக்கிறார்கள். கல்லறைக்குள் இன்னோர் இடத்தில் இரண்டே குழிகளில் 300 பேரின் சாம்பல் இருக்கிறது. காலராவில் இறந்து எரிக்கப்பட்டவர்கள். அந்த 300 பேரின் பெயரும் எழுதியிருக்கிறது.

இதையெல்லாம் குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஒரு மனிதன் இறந்த இடத்தை இவ்வளவு அக்கறையோடு வைத்திருப்பதைப் பார்த்தால் மனம் நிறையத்தான் செய்கிறது. தைப்பிங்கில் புக்கிட் லாருட் போகும் சாலையின் இரு பக்கமும் இதே ஆணையத்தின் கல்லறை இருக்கிறது. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் இந்தியப் படையினர். சின்ன வயதில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இறங்கிப் பெயர்களைப் படிப்பேன். பட்டாளத்தில் இருந்த தமிழனுக்கு ஒரு கல் கிடைத்தது. பால் வெட்டிய தமிழனுக்குக் கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்பதை அன்று மத்தியானம்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். கல்லறைக்குப் பக்கத்திலேயே தாய்லாந்து – பர்மா ரயில்பாதை மையம் என்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. போர்க்கைதிகள் 60,000-க்கு மேல், அவர்களில் 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் 1,80,000-க்கு மேல் என்கிறார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கு மேல் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

கைதிகளிடம் டாக்டர்கள் இருந்தார்கள். அதிகாரிகள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதே, கக்கூஸ் குழியை இங்கே வெட்டாதே என்று சொல்ல ஆள் இருந்தது. யார் என்றைக்குச் செத்தார், எங்கே புதைத்தோம் என்று ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்பைப் போத்தலிலும் டின்னிலும் அடைத்துப் புதைத்து வைத்தவர்களும் உண்டு. சண்டை முடிந்த சில வாரங்களில் பழைய கைதிகளே ஒரு குழுவாகப் பாதை நெடுகப் போய், அந்தக் குறிப்புகளை வைத்து 10,000-க்கு மேற்பட்ட புதைகுழிகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த 6,982 தகடுகளும் அப்படி வந்தவை.

கூலி முகாமில் அப்படி யார் இருந்தார்கள்? பெண்டாட்டி பிள்ளையோடு வந்தவர்கள் உண்டு. பாதிப்பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்திலாவது ஒரு டிரெஸ்ஸர் இருப்பார், மருந்து கொடுப்பார். காட்டில் அதுவும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். அந்த வருடம் நடுவில்தான் போர்க்கைதி மருத்துவர்கள் சிலரைக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். இறந்தவனைப் புதைக்கப் பக்கத்தில் படுத்திருந்தவனுக்குத் தெம்பில்லை. பெயர் எழுத யார்?

நான் கேட்டும் பார்த்தேன். மலாயாவிலிருந்து வந்த கூலிகளின் பட்டியல் ஏதாவது உண்டா என்று. கைதி என்றால் பெயரைச் சொன்னதும் எந்த முகாம், எந்தத் தேதி, எந்தக் குழி என்று எடுத்துத் தர முடிகிறது. கூலிகளுக்கு அப்படி ஒரு பட்டியலும் இல்லை. நானும் எந்தப் பெயரைச் சொல்லித் தேடச் சொல்வேன்?

மறுநாள் காலை குவாய் ஆற்றுப் பாலத்துக்குப் போனோம். இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். ஒரு ஹாலிவுட் படத்தால் புகழ் பெற்றது. படத்துக்குப் பிறகு வரும் கூட்டத்துக்காக, மே குளோங் என்றிருந்த ஆற்றின் அந்தப் பகுதிக்கு குவாய் யாய் என்று பெயரையே மாற்றினார்கள். வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த பழையவை. நடுவில் நேர்க்கோடாக இருப்பவை, குண்டுவீச்சில் உடைந்த இடத்தில் சண்டைக்குப் பிறகு வைத்தவை. கூட்டம் கூட்டமாகப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பாதித் தூரம் நடந்து, குனிந்து, சிலிப்பர் கட்டைகளை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். “நல்லா வச்சிருக்கான்” என்றார்.

பாலத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் அதைப் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள். ஜப்பானிய ராணுவமே 1944-இல், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, இந்தப் பாதையில் இறந்தவர்களுக்காகக் கட்டியது. பல மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். அதில் தமிழும் ஒன்று.

அந்தக் கல்லுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. ஊர் முழுக்கத் தாய், ஆங்கிலம், ஜப்பானியம் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தமிழ் எழுத்து பளிச்சென்று பட்டது. அப்பா விரலை வைத்து எழுத்துக்கூட்டி மெல்ல வாசித்தார். இரண்டு நாளில் அவர் தானாக வாசித்த முதல் கல் அதுதான்.

எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. தமிழில் எழுதியிருக்கிறார்கள் என்றால், செத்தவர்கள் தமிழர்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொரு நாள் அந்தச் சொந்தக்காரர்கள் வந்து வாசிப்பார்கள் என்றும் நினைத்திருக்கிறார்கள். கொன்றவர்கள் எழுப்பிய கல்லை என்னவென்று எடுத்துக்கொள்வது? நன்றி என்று சொல்ல நாக்கு எழவில்லை. அங்கே தமிழ் இருக்கிறதே என்ற நெகிழ்ச்சியையும் அடக்க முடியவில்லை. அப்பா கும்பிடவில்லை. செருப்பை மட்டும் கழற்றிவிட்டு நின்றார். அப்புறம் போட்டுக்கொண்டு, “சரி, ரயிலுக்கு நேரமாச்சு” என்றார்.

காஞ்சனபுரியிலிருந்து ‘நாம் டோக்’ என்ற ஊர் வரைக்கும் அந்தப் பழைய பாதையில் இன்றும் தினம் ரயில் ஓடுகிறது. மரப்பெஞ்சு, திறந்த ஜன்னல், கரும்புத் தோட்டங்கள், மரவள்ளித் தோட்டங்கள். மரவள்ளியைப் பார்த்ததும் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்ன வயதில் தின்று தின்று அதன் மேல் அவருக்கு வெறுப்பு. 1990-இல் இந்தப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் தோண்டும்போது குவியல் குவியலாக எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஆசியக் கூலிகள் என்றார்கள். ஜன்னலுக்கு வெளியே எந்தக் கரும்பைப் பார்த்தாலும் எனக்கு அதே நினைப்பு.

தாம் கிராசே என்ற இடத்தில் ரயில் ஊர்ந்து போகிறது. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, கையை நீட்டினால் தொடலாம். மறு பக்கம் கீழே குவாய் நோய் ஆறு. இரண்டுக்கும் நடுவில், பாறையை ஒட்டி மரத்தூண்களை நட்டு அதன்மேல் தண்டவாளம். பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஆற்றுப் பக்கம் ஓடினார்கள். அப்பா பாறைப் பக்க ஜன்னலில் உட்கார்ந்து, உளி விழுந்த இடங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நாம் டோக்கில் இறங்கி வண்டி பிடித்து, நரக நெருப்புக் கணவாய்க்குப் போனோம். ஆங்கிலத்தில் அதற்கு அப்படித்தான் பெயர். ராத்திரியில் மூங்கில் பந்த வெளிச்சத்தில், எலும்பும் தோலுமான ஆட்கள் சுத்தியல் அடித்ததை மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது நரகமாகத் தெரிந்ததால் வந்த பெயர். ஆஸ்திரேலிய அரசு 1998-இல் அங்கே ஒரு நினைவு அருங்காட்சியகம் திறந்தது. அங்கிருந்து மரப்படிகளில் காட்டுக்குள் இறங்க வேண்டும். நிறையப் படிகள். “மேலேயே இருங்கப்பா, நான் போய்ப் படம் எடுத்துட்டு வந்துடறேன்” என்றேன். அவர் ஏற்கெனவே கைப்பிடியைப் பிடித்து இறங்கத் தொடங்கிவிட்டார்.

கீழே போனால், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஒரு சந்து. அவ்வளவுதான். அண்ணாந்து பார்த்தால் மேலே மூங்கில் இலையும் கொஞ்சம் வானமும். இயந்திரம் என்று பெரிதாக எதுவுமில்லாமல் கையால் வெட்டியது. ஒருவன் இரும்புக் கம்பியைப் பிடிக்க, இன்னொருவன் சுத்தியலால் அடிக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். ஆழமாகத் துளை விழுந்ததும் வெடி வைத்து, உடைந்த கல்லைக் கூடையில் அள்ள வேண்டும். 1943 ஏப்ரல் கடைசியில் தொடங்கினார்கள். ‘ஸ்பீடோ, ஸ்பீடோ’ என்று ஜப்பானியர் விரட்டிய மாதங்கள் அவை. 18 மணி நேரம்கூட வேலை வாங்கியிருக்கிறார்கள். முக்கியமாக ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகள் வெட்டியது. அவர்களோடு ஆசியக் கூலிகளும் இருந்தார்கள். தாத்தா லாரி ஏறியது அந்த மே மாதம்.

அவர் இங்கேதான் இருந்தார் என்று நான் சொல்லவில்லை. 415 கிலோமீட்டரில் எங்கேயும் இருந்திருக்கலாம்.

சுவரில் அந்தத் துளைகள் இன்னும் இருக்கின்றன. பாறை பிளந்த இடத்தில், பாதிக் குழாய் போல, மேலிருந்து கீழே ஒரு கோடு. ஓரிடத்தில் உடைந்த துளைக்கம்பி ஒன்று பாறைக்குள்ளேயே சிக்கி நிற்கிறது. துருப்பிடித்து, பாறையின் நிறமாகவே ஆகிவிட்டது. அப்பா அந்தப் பள்ளமான கோட்டில் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்தார். விரல் சரியாகப் பொருந்தியது. “கம்பி பிடிக்கிறவனுக்குத்தான் கஷ்டம்” என்றார். “அடிக்கிறவன் கை தளர்ந்து குறி தவறினா, இவன் மணிக்கட்டு போச்சு. இருந்தாலும் கையை எடுக்க முடியாது. எடுத்தா கம்பி சாயும்.” அவர் இளைஞராக இருந்தபோது கேங்கில் பாறை உடைத்திருக்கிறார். அந்தச் சுவரை என்னால் பார்க்க மட்டும்தான் முடிந்தது. அவர் அதைப் படித்தார். எந்த இடத்தில் வெடி சரியாகப் பிடிக்கவில்லை, எந்த இடத்தில் இரண்டாவது தடவை துளைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே நடந்தார். கடைசியில் ஒரு கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் போத்தலை நீட்டினேன். அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார், குடிக்கவில்லை.

ஊர் திரும்பும் நாள் காலையில், காஞ்சனபுரியில் வாட் தாவோர்ன் வராராம் என்கிற வியட்நாமியக் கோயிலுக்குப் போனோம். போர்க் கல்லறையிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. பெயர் தெரியாத ஆசியக் கூலிகளின் எலும்புகளைச் சேர்த்து அடக்கம் செய்து, மேலே ஒரு நினைவுத்தூபி கட்டியிருக்கிறார்கள். வியட்நாமியத் துறவிகளின் இடத்தில் நம்மவர்கள் இத்தனை வருடமாக இருந்திருக்கிறார்கள். அந்தக் கோயிலுக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம். 2023-இல் மலேசிய, தாய்லாந்துத் தமிழர்கள் முயற்சி எடுத்து அங்கே ஒரு நடுகல்லும் வைத்தார்கள்.

நடுகல் என்றால் இறந்தவன் பெயரையும் அவன் செய்ததையும் கல்லில் எழுதுவது நம் பழைய வழக்கம். என் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தக் கல்லில் யார் பெயரை எழுதுவது? 80 வருடம் தாமதமாக வந்த கல். ஆனாலும் வந்ததே. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அப்பா வீட்டிலிருந்தே சாமான் கொண்டுவந்திருந்தார். ஒரு சின்னத் தூக்குச்சட்டி, கற்பூரம், பாட்டியின் படம் ஒன்று. அந்தப் படத்தைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, நடுகல்லைப் பார்த்த மாதிரி கீழே சாய்த்து வைத்தார். பொட்டு வைத்த பாட்டி. காற்றில் விழாமல் இருக்க நான் ஒரு சின்னக் கல்லை எடுத்துக் கீழே வைத்தேன். தட்டுக்குப் பதிலாக வெற்றிலையில் கற்பூரம். மூன்று தடவை அணைந்து நாலாவது தடவை பிடித்தது.

முதலில் ஐசியில் உள்ள பெயரைச் சொன்னார். கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை.

“ஆறுமுகம்” என்றார். தூக்குச்சட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீரைக் கையில் ஊற்றி மண்ணில் விட்டார். “கந்தசாமி.” கொஞ்சம் தண்ணீர். “வேலாயுதம். சுப்பிரமணியம். பழனிச்சாமி. சண்முகம். தண்டபாணி.” ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்தினார், யாரோ திரும்பிப் பார்ப்பதற்கு நேரம் கொடுப்பது போல. “குமாரசாமி. சாமிநாதன். கதிர்வேலு. வடிவேலு. சரவணன். முருகையா. முத்தையா.”

தண்ணீர் தீரப்போகும் சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“எதையாவது விட்டுட்டேனாம்மா?”

யோசித்தேன். “வேலுச்சாமி விட்டுட்டீங்கப்பா.”

“வேலுச்சாமி” என்றார், மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றினார்.